நம்ம ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றிப் பிள்ளைகள் படிக்க என்ன புத்தகம் வாங்கலாம்?

பாக்கு நீரிணை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஒரு கடலோர ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். இங்கே படித்து இப்போது சவுதி, மலேசியா என்று வேலை பார்க்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து வகுப்பு நூலகத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். பாதிப் பணத்துக்காவது நம்ம கரையைப் பற்றிய புத்தகமாக இருக்கவேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை. நல்ல நிபந்தனைதான், ஆனால் நிறைவேற்றுவதற்குள் உயிர் போகிறது. ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவிலும் தேடினேன், மதுரையிலும் தேடினேன். ராமேசுவரம் தல புராணம் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. தனுஷ்கோடிப் புயல் கிடைக்கிறது. கலாம் ஐயா எல்லா அளவிலும் எல்லா விலையிலும் கிடைக்கிறார். அதைத் தாண்டினால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

எனக்கு வேண்டியது இந்தக் கரையின் மனிதர்கள், கடல், பறவை, சாப்பாடு, வேலை. ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில். ஏன் இதைப் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், போன மாதம் "உங்கள் ஊர்க் காலை" என்று படம் வரையச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் இரண்டு மலை வரைந்து நடுவில் சூரியனை வைத்திருந்தார்கள். மலையைக் கண்ணால் பார்த்தே இராத பிள்ளைகள். நம்ம பக்கம் சூரியன் நேரே கடலிலிருந்து எழும்புகிறது, பள்ளி வாசலில் நின்றாலே தெரியும். அதில் பாதிப் பேர் அன்று காலையில் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் கையில் பென்சில் வந்ததும் மலை வந்துவிடுகிறது, எல்லாம் புத்தகத்தில் பார்த்ததுதான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துச் சொல்லிக்கொள்வேன்.

முகவைப் பழம்புத்தகம்:

டீச்சர், நீங்கள் தேடுகிற மாதிரி முழுசாக ஒரு புத்தகம் இல்லை. துண்டு துண்டாக நிறைய இருக்கிறது, சேர்த்துத்தான் எடுக்கவேண்டும்.

முதலில் எஸ்.எம். கமால். ராமநாதபுரம் வரலாறு என்றால் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 'சேதுபதி மன்னர் வரலாறு' தமிழ் விக்கிமூலத்தில் கிடைக்கிறது, காசு செலவில்லை. பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்க முடியாதுதான், ஆனால் நீங்கள் படித்து வைத்துக்கொண்டால் பத்து வகுப்புக்கு விஷயம் தேறும். ரா. இராகவையங்காரின் 'சேதுநாடும் தமிழும்' இன்னும் கடினம், இருந்தாலும் இந்த மண்ணில் எத்தனை புலவர்கள் இருந்தார்கள், யார் அவர்களுக்குச் சோறு போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

கலாமை ஒதுக்காதீர்கள். 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை ராக்கெட்டுக்காகப் படிக்கிறவர்கள்தான் அதிகம். நான் சொல்வது முதல் சில அத்தியாயங்களை. அப்பா யாத்ரீகர்களை ஏற்றிப்போகப் படகு கட்டுவது, அதைப் புயல் கொண்டுபோவது, போர்க்காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காது என்று ஆனதும் ஓடுகிற ரயிலிலிருந்து பேப்பர் கட்டுகளைத் தூக்கிப் போட அவற்றைப் பொறுக்கி விற்க உதவியது, புளியங்கொட்டை சேர்த்துக் கடையில் கொடுத்து ஓரணா வாங்கியது. ராமேசுவரம் தெருவில் ஒரு பையன் நாளை எப்படிக் கழித்தான் என்பதற்கு இதைவிட நல்ல தமிழ்ப் பக்கங்கள் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியை மட்டும் வகுப்பில் உரக்கப் படியுங்கள், போதும்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் சொல்லமாட்டார்கள். அகநானூறு எழுபதாம் பாட்டு. தனுஷ்கோடியைத் "தொன்முது கோடி" என்று சொல்கிற பாட்டு. சங்க காலத்திலேயே அது பழைய ஊர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ராமன் ஆலமரத்தடியில் ரகசியம் பேசும்போது பறவைச் சத்தத்தை அடக்கினானே, அந்தக் கதை இதில்தான் வருகிறது, அதனால் எல்லோரும் அந்த இடத்தை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் தொடக்கம். திமில் என்கிற படகில் போன பரதவருக்கு நல்ல வேட்டை. புலால் மணக்கிற சின்ன ஊரில், சிறு கண் வலையின் பலனைப் பாராட்டிக்கொண்டு கொழுத்த அயிலை மீனைப் பங்கு போடுகிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பங்கு போடுவது இன்றைக்கும் உங்கள் கரையில் நடக்கிறது, நேரம் வேண்டுமானால் மாறியிருக்கும்.

நாவல் கேட்டால் ராஜம் கிருஷ்ணன், வண்ணநிலவன், ஜோ டி குருஸ் என்று பட்டியல் வரும். எல்லாம் நல்ல எழுத்து, ஆனால் தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடல், அதுவும் பெரியவர்களுக்கு. நம்ம பாக்கு நீரிணைக்கும் அதற்கும் ரொம்ப தூரம். இங்கே கடல் ஆழமில்லாதது, அலை கிடையாது, சேறு. இந்தக் கடலை வைத்து அவர்கள் அளவுக்கு எழுதிய ஆள் என் கண்ணில் படவில்லை.

மண்டபம் கேம்ப்:

மேலே அண்ணன் மன்னர், புலவர் என்று போய்விட்டார், மீனுக்கு யாரும் வரவில்லை. டீச்சர் இயற்கையும் கேட்டிருக்கிறார்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருப்பது தெரியும்தானே. 1947இல் தொடங்கியது, 1971 வரைக்கும் தலைமையகமே இங்கேதான், பிறகுதான் கொச்சிக்குப் போனது. இவ்வளவு காலமாக நம்ம வீட்டு வாசலில் உட்கார்ந்து நம்ம கடலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், அதில் பெரும்பங்கு ஆங்கிலத்தில். அதற்கும் முன்னால் 1927இல் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கடல் உயிர்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் போட்டது. ஒரு குட்டித் தீவுக்கு ஒரு நூல்! அப்போது தமிழில் ஒரு சின்னப் பிரதி போட்டிருந்தால் நம்ம தாத்தாமார் படித்திருப்பார்கள்.

பிள்ளைகள் புத்தகம் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். "பவளப்பாறை" என்று அட்டையில் போட்டு உள்ளே ஆஸ்திரேலியாப் படம் இருக்கும். மன்னார் வளைகுடா என்று ஒரு பத்தி கடைசியில். நம்ம பக்கம் தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986இல் தேசியப் பூங்கா ஆனது, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம், இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்காகப் புத்தகம் வாங்க வேண்டாம். அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவு நீருக்குள் போய்விட்டன, அது ஏன் என்று சொல்கிற புத்தகம்தான் வேண்டும். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்துச் சுவரை இன்றைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாலே பவளக்கல்லின் ஓட்டை ஓட்டையான கண் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடலில் 2022இல் கடல்பசுக் காப்பகம் அறிவித்தார்கள், 448 சதுர கிலோமீட்டர். உங்கள் ஊர்க் கடலில் கோரை (கடற்புல்) இருந்தால் அது மேய அங்கேயும் வரும். ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள், ஆவுலியா (கடல்பசுவைத்தான் இங்கே அப்படிச் சொல்வது) வலையில் பட்ட கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கறியைத் தின்ற கதையும் சேர்த்துத்தான் வரும், முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பூநாரைக்கும் போன வருடம், 2025 ஜூனில், தனுஷ்கோடியில் சரணாலயம் வந்துவிட்டது. ஒரு நல்ல தமிழ்ப் பறவைக் கையேடு வாங்கி அதில் நம்ம பக்கம் வருகிறவற்றுக்கு மட்டும் பென்சிலால் டிக் போட்டு வையுங்கள். எனக்குத் தெரிந்து அதுதான் சுலபமான வழி.

கீழக்கரை லாத்தா:

டீச்சருக்கு ஸலாம். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் பதில் எழுதிவிட்டார்கள், ஒருவர் அரண்மனைக்குப் போனார், இன்னொருவர் கடலுக்கடியில் போனார். நடுவில் வீடு என்று ஒன்று இருக்கிறது.

கீழக்கரையைப் பற்றிப் புத்தகம் என்றால் வள்ளல் சீதக்காதி, சீறாப்புராணம், கல்லில் கட்டிய பள்ளிவாசல், கப்பல் வாணிபம். சரி, பெருமைதான், நானும் சொல்லித்தான் வளர்த்தேன் என் பிள்ளைகளை. ஆனால் எங்கள் ஊரில் ஆண்கள் எந்தக் காலத்திலும் வெளியில்தான், முந்தி சிலோன், இப்போது துபாய். ஊரை நடத்தியது வீட்டில் இருந்தவர்கள். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற ஊர் இது, பெண்ணுக்கு வீடு எழுதிவைக்கிற ஊர். அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதுகிற தமிழில், எழுதவும் படிக்கவும் தெரிந்த பெரியம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் மாதிரி பெரியவர்கள் அந்த எழுத்தில் எழுதியதை இவர்கள் வீட்டில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பார்கள். இது எந்தப் பிள்ளைகள் புத்தகத்திலும் இல்லை.

தொதல் மட்டும் இப்போது யூடியூபில் பிரபலம். தேங்காய்ப்பால், மாவு, கருப்பட்டி, அடுப்படியில் மணிக்கணக்காகக் கிண்டவேண்டும், கை மாற்ற ஆள் வேண்டும், அதனால்தான் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து செய்வது. இதே பலகாரம் இலங்கை, மலேசியா, இந்தோனேசியா வரைக்கும் கிட்டத்தட்ட இதே பெயரில் இருக்கிறது. ஒரு சட்டி தொதலை வைத்து வரலாறு, புவியியல் இரண்டு பாடமும் நடத்தலாம் டீச்சர். புத்தகம் இல்லை என்றால் ஒரு பெரியம்மாவை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கூச்சப்படுவார்கள், பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார்கள்.

முதுகுளத்தூரான்:

கரை என்றால் தண்ணீர் மட்டும்தானா? கடலாடி, சாயல்குடிப் பக்கம் வந்தால் பனையும் கருவேலமும்தான். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது பற்றி ஒரு பக்கமாவது வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்க்கு மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வருகிறது, இரண்டு கண்மாயும் இப்போது ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில். உங்கள் பிள்ளைகள் வீட்டில் கொதிக்கிற மீன் குழம்பில் மிளகாய் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் காட்டிலிருந்துதான். அதையும் கணக்கில் சேருங்கள்.

சின்னப்பாலம்:

நான் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண். இந்த விவாதத்தைப் படித்ததும் எழுதவேண்டும் போலிருந்தது, கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். சில வருடத்துக்கு முன்னால் கேமராவோடு ஆள்கள் வந்தார்கள், நல்ல மரியாதையாகத்தான் பேசினார்கள், அம்மா கூடவே படகில் போய் நாள் முழுக்கப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு பெரிய புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள், ஆங்கிலம், விலை எங்கள் வீட்டு மாதச் சாமானுக்கு ஆகிற காசு. உள்ளே ஒரு முழுப் பக்கத்துக்கு அம்மா தண்ணீருக்குள் இருக்கிற படம், ரொம்ப அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கீழே பெயர் இல்லை. கடலின் புதல்வி என்கிற மாதிரி ஏதோ போட்டிருந்தது. அம்மா பார்த்துவிட்டு "விரல் தெரியலையே" என்றார், அவ்வளவுதான் சொன்னார்.

ஏன் விரல் என்றால், பாசி எடுக்கிறவர்களுக்கு எல்லாமே விரல்தான். பாறை பிளேடு மாதிரி இருக்கும். பழைய பருத்தித் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றி நூலால் கட்டுவார்கள், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் கூடுதலாக ஒரு சுற்று. இறுக்கிக் கட்டினால் மரத்துப்போகும், தளர்த்திக் கட்டினால் தண்ணீரில் அவிழ்ந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை, மேலே ஆண்பிள்ளைச் சட்டை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீர் வற்றுகிற நாளாகப் பார்த்துப் போவார்கள். மூச்சு எவ்வளவு நேரம், எந்தப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி, எங்கே கட்டக்கோரை, எதை வேரோடு பிடுங்காமல் மேலாகக் கிள்ளவேண்டும் என்று அம்மாவுக்கு அத்தனையும் தெரியும். அந்தப் புத்தகத்தில் இது ஒரு வரி கூட இல்லை. அஸ்தமனம் மட்டும் நாலு பக்கம்.

அதனால் டீச்சர், "நம்ம மக்கள், நம்ம இயற்கை" என்று கொண்டாடுகிற புத்தகம் வாங்கும்போது, வேலை எப்படிச் செய்கிறார்கள் என்று உள்ளே இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள். தீவெல்லாம் பூங்கா ஆன பிறகு எங்கள் அம்மாமார் எத்தனை தடவை வனத்துறைக்குப் பயந்து பையைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், அதுவும் அந்த அழகான தீவின் கதைதான்.

புத்தகத்தைவிடப் பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 வானொலி பரவாயில்லை. மீனவர்களுக்காகவே நடக்கிற சமுதாய வானொலி, எங்கள் ஆள்கள் எங்கள் பேச்சிலேயே பேசுவார்கள்.

கீழக்கரை லாத்தா:

சின்னப்பாலம் தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றியது. நோன்பு திறக்க நாங்கள் காய்ச்சுகிற கடல்பாசி இருக்கிறதே, பால், சர்க்கரை போட்டு ஆறவைத்துத் துண்டு போடுவது, அது உங்கள் மரிக்கொழுந்துப் பாசி வகையிலிருந்து வருகிற பொருள்தான். வருடா வருடம் காய்ச்சுகிறோம், எடுக்கிறவர் விரலைப் பற்றி ஒரு நாள் நினைத்ததில்லை. அம்மாவிடம் என் ஸலாம் சொல்லும்மா.

முகவைப் பழம்புத்தகம்:

சின்னப்பாலம் சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் ஒரு சின்ன மறுப்பு. வேலையை விவரமாக எழுதிய ஆள் இருந்தார். ஜேம்ஸ் ஹார்னெல் என்று வெள்ளைக்காரர், சென்னை மாகாண மீன்வளத்துறையில் இருந்தவர், 1914இல் சங்கைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். சங்கு எங்கே கிடைக்கிறது, எப்படிக் குளித்தெடுக்கிறார்கள், வங்காளத்துக்குப் போய் எப்படி அறுத்துக் கல்யாணப் பெண்ணின் கை வளையலாகிறது என்று கடலடியிலிருந்து மணிக்கட்டு வரை பின்தொடர்கிறார். நம்ம ஆள்கள் எழுதாமல் விட்டதை அவர் எழுதினார். சர்க்காருக்கு வருமானம் வருகிற தொழில் என்பதால்தான் இவ்வளவு அக்கறை, அது வேறு விஷயம். குளித்தவர் பெயர் அதிலும் கிடையாதுதான். இணையத்தில் இலவசமாக இருக்கிறது. டீச்சர் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயத்தைச் சுருக்கித் தமிழில் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள், வீட்டில் சங்குகுளித் தாத்தா இருக்கிற பிள்ளை திருத்தமும் சொல்லும்.

மண்டபம் கேம்ப்:

மன்னரை விட்டு இறங்கி வந்ததற்கு நன்றி அண்ணே.

பாக்கு நீரிணை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இப்போதைக்கு நான் முடிவு செய்திருப்பது: 'அக்னிச் சிறகுகள்' ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது, முதல் அத்தியாயங்களை அடுத்த வாரமே படிக்கிறேன். பறவைக் கையேடு ஒன்றுக்கு நாலு பிரதி வாங்குகிறேன், கண்மாய்ப் பறவைக்கும் சேர்த்து டிக் போடுவோம், முதுகுளத்தூரார் கோபித்துக்கொள்ள வேண்டாம். அகநானூற்றுப் பாட்டை உரையோடு எழுதிச் சுவரில் ஒட்டப்போகிறேன், இராமன் பகுதி இல்லாமல் மீன் பங்கு போடுகிற பகுதி மட்டும். கமால் ஐயா புத்தகம் எனக்கு. முகவை ஐயா, மன்னர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு ஐந்தாவதிலிருந்தே மன்னர்தான், வலையைப் பற்றி ஒரு பாடம் வந்ததில்லை.

மீதிப் பணத்தைப் பற்றிப் பழைய மாணவர்களிடம் பேசினேன். வாங்கப் புத்தகம் இல்லை என்றால் எழுத வையுங்கள் டீச்சர், அச்சுக்கூலி நாங்கள் தருகிறோம் என்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அப்போது விசைப்படகு கடலுக்குப் போகாது, பெரியவர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஏழாவது பிள்ளைகளைக் கேள்வியோடு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். எந்தக் காற்றுக்கு எந்த மீன், நண்டு வலை கட்டுவது எப்படி, கருவாடு எத்தனை வெயில் காயவேண்டும், இந்த மாதிரி. சொன்னவர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே வரும், சின்னப்பாலம் தங்கச்சி சொன்னது மனதில் இருக்கிறது.

அதில் எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, வத்தை, வள்ளம், பைபர் படகு மூன்றையும் பாகம் பாகமாகச் சரியாக வரையத் தெரிந்த ஆள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாய்மரக் கயிறு எங்கே கட்டுவது என்று தப்பில்லாமல் இருந்தால் போதும். இரண்டாவது, சின்னப்பாலத்து அம்மா சம்மதித்தால் விரலில் துணி சுற்றுவதைப் படிப்படியாகப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

சின்னப்பாலம்:

அம்மாவிடம் கேட்டேன் டீச்சர். கை மட்டும் எடு, முகம் வேண்டாம், பெயர் போடு என்றார். வருகிற அமாவாசைக்குப் போகும்போது எடுத்து அனுப்புகிறேன். வத்தை வரைய எங்கள் சித்தப்பாவைக் கேட்டுப் பார்க்கிறேன், அவர் கட்டுவார், வரைவாரா என்று தெரியவில்லை.